கொள்ளிடக் கரையில் ஏழு வளைகள்

காவிரிப் பாலத்தின் பாதியில் ஃபெமினா ஸ்கூட்டர் கண்ணாடியைப் பார்த்தாள். அதே கறுப்பு பைக். நம்பர் பிளேட் தெரியாதபடி சேறு அப்பியிருந்தது.

நான்கு நாட்களாக அவன் விடவில்லை. முந்தாநாள் ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரை நாணலுக்குள் அவள் தனியாக நின்றபோது நேராகவே வந்துவிட்டான். முப்பது வயதிருக்கும். சட்டையெல்லாம் டீசல் நாற்றம்.

"மேடம், நீங்க வரையிற படத்த யார்கிட்டயும் குடுக்காதீங்க. குடுத்தா உயிர் போயிடும்."

அவள் வாயைத் திறப்பதற்குள் மேட்டில் ஜீப் சத்தம் கேட்டது. அவன் நாணலை விலக்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

ஃபெமினா கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. கொள்ளிடத்தில் கட்டப்போகும் புதுப் பாலத்துக்கு ஐரோப்பிய வங்கி ஒன்று கடன் தருகிறது. அரிய விலங்குகள் குட்டி போடும் இடத்தைத் தொடக் கூடாது என்பது அவர்கள் ஊர் விதி. அதை இங்கேயும் கடைப்பிடிப்பதாக அரசு கையெழுத்துப் போட்டிருந்தது.

அதற்கான ஆய்வு ஃபெமினாவிடம் வந்தது. மூன்று மாதம் சேற்றில் நடந்து, ஏழு நீர்நாய் வளைகளைக் கண்டுபிடித்து, வரைபடத்தில் குறித்தாள். இரண்டுக்குள்ளிருந்து குட்டிகளின் கீச்சொலி கேட்டது.

வங்கிக்காரர்கள் வந்து பார்க்கும்போது அந்த வளைகள் இருந்தால், பாலம் அரை கிலோமீட்டர் தள்ளிப் போகும். அதனால் எத்தனை பேருக்குக் கோபம் வரும் என்று அவளுக்குத் தெரியாமலில்லை.

கே.கே. நகரில் திட்ட அலுவலகத்துக்குள் ஸ்கூட்டரைத் திருப்பினாள். பைக் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டது.

திட்ட அதிகாரி ஸ்டீபன்ராஜ் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"என்னம்மா, இப்படி வேர்த்திருக்கு? முதல்ல தண்ணி குடிங்க."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"கான்ட்ராக்டர் ஆளா இருப்பான். இனிமே அந்தப் படம் உங்க கையில இருக்கறதுதான் ஆபத்து. எங்கிட்ட குடுத்துடுங்க. திங்கக்கிழமை வங்கிக்காரங்க கரையப் பாக்க வர்றாங்க. எல்லாம் விதிப்படி நடக்கும்."

அவள் ஃபைலை நீட்டினாள். "ஏழு வளை சார். குட்டிங்க எத்தனைன்னா..."

"எத்தனைங்கறது அப்புறம் பாத்துக்கலாம்மா. எந்தெந்த இடம்னு தெளிவா குறிச்சிருக்கீங்கள்ல?"

குறித்திருந்தாள். அவர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு சிவப்புப் புள்ளியிலும் விரலை வைத்து நிதானமாகப் பார்த்தார். பிறகு மேஜையில் விரித்து, செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டார்.

"ரொம்ப நல்ல வேலைம்மா. பயப்படாம வீட்டுக்குப் போங்க."

படியிறங்கும்போது மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கினாற்போல் இருந்தது. இனி ஓடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

கேட்டைத் தாண்டியதும் அவன் சாலையைக் கடந்து வேகமாக வந்தான்.

"அங்கயே நில்லுங்க! போலீசுக்கு போன் போட்டுடுவேன்."

"போடுங்க மேடம். அவங்க வர்ற வரைக்கும் இங்கயே நிக்கறேன்." அவன் நின்றுவிட்டான். "எம் பேரு கலீம். அன்னிக்கு ஜீப்புல வந்தவங்க என்னைப் பாத்துடுவாங்கன்னுதான் ஓடினேன். படம் எங்க மேடம்?"

"சார்கிட்ட குடுத்தாச்சு. இனிமே உங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

அவன் "யா அல்லாஹ்" என்று முனகியபடி பிளாட்பாரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

ஃபெமினாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்க யாரு?"

அவன் தலை நிமிராமல் சொன்னான்.

"வளை இருக்கற இடம் தெரியாமத்தான் மேடம், உங்க சாரு என் ஜேசிபிய நாலு நாளா சும்மா நிறுத்தி வச்சிருந்தாரு."