காவல் இல்லாத வாசல்

ஜெசிந்தா டீச்சரின் சிவப்பு பென் டிரைவுக்குச் செங்கோடன் என்று பெயர். டீச்சர் பழைய கம்ப்யூட்டரை மாற்றிவிட்டு, வேறு ஆபரேட்டிங் சிஸ்டம் போட்ட ஒன்றை வாங்கிவந்தார். அதில் செருகியதுமே செங்கோடன் பதறிப்போனான்.

"என்னங்க இது, வாசலில் காவலே இல்லையா? பழைய வீட்டில் ஆன்டிவைரஸ் அண்ணன் என்னைத் தலைமுதல் கால்வரை தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். இங்கே கண்ட வைரஸும் நுழையுமே! உங்களை நம்பி நான் எப்படி வந்துபோவது?"

புதுக் கம்ப்யூட்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டது. "டீச்சர் பாஸ்வேர்டு போடாமல் இங்கே யாரும் குடியேற முடியாதுங்க. உங்களோடு வந்தவருக்கு இந்த ஊர் பாஷையும் தெரியாது. பாவம், சும்மா உட்கார்ந்திருக்கிறார்."

"என்னோடு யார் வந்தது?"

"வினாத்தாள் ஃபைலுக்குப் பின்னால் பாருங்க. ஜெராக்ஸ் கடையில் ஏறியிருப்பார்."

செங்கோடன் திரும்பிப் பார்த்தான். வைரஸ் ஒன்று காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. அவ்வளவு சத்தம் போட்டவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. 'இதை அழித்துவிடுங்கள்' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வெட்கம் விடவில்லை.

மறுநாள் காலை டீச்சர் அவனைப் பள்ளி ஆபீஸ் கம்ப்யூட்டரில் செருகினார். டீச்சரின் பழைய கம்ப்யூட்டரில் ஓடிய அதே சிஸ்டம்தான் அதிலும்.

"வாங்க தம்பி! நம்ம டீச்சர் வீட்டுப் பிள்ளையை யாராவது சோதிப்பாங்களா?" என்று அது கதவை அகலத் திறந்தது.

செங்கோடன் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் வைரஸ் முதல் ஆளாக உள்ளே போய், திரும்பி அவனைக் கூப்பிட்டது:

"வாங்கண்ணே, நம்ம ஊருதான்."