ஜன்னல் விளிம்பில் ஒரு கூடு

படுக்கையறை ஜன்னல் விளிம்பிலிருக்கும் புறாக்கூட்டின் முன், கையுறை மாட்டியபடி கணவன் நிற்கிறான். குஞ்சு பறந்துவிட்டதால், கூட்டிலிருந்த பொடி உண்ணிகள் ரத்தம் தேடி வீட்டுக்குள் ஊர்கின்றன. மனைவியின் கழுத்தெல்லாம் சிவந்த தடிப்பு. அவளுக்குக் கரு கலைந்த மாதத்தில் புறாக்கள் கட்டிய கூடு அது; யாரையும் தொட விட்டதில்லை அவள். “இப்பவாவது எடுத்திடலாமா? இந்த உண்ணிங்களுக்கு இனி நாமதான் சாப்பாடு.” “எடுங்க” என்கிறாள், சொறிவதை நிறுத்தாமல். ஈரத்துணியால் சுள்ளிகளை வழிக்கும்போது, பொரியாத முட்டை ஒன்று உருள்கிறது. அவன் கை அப்படியே நின்றுவிடுகிறது. அவள் எழுந்து வந்து அதை வெறுங்கையில் எடுக்கிறாள். “சூடே இல்லைங்க” என்று சொல்லிக் குப்பைப் பையில் மெல்ல வைக்கிறாள். அவன் பையை முடிந்துவிட்டு, அவள் கைகளைச் சோப்பு போட்டுக் கழுவிவிடுகிறான். மருத்துவமனையிலிருந்து வந்தபிறகு அவள் அழுவதை இப்போதுதான் பார்க்கிறான்.