நாலு மணிக்கு மேல்

"அடுப்பை அணைத்தாயா? அணைக்கவில்லை. எனக்குத் தெரியும்."

குடியிருப்பின் பொதுச் சலவை அறையில், இரண்டாம் நம்பர் மெஷினுக்கு மேலே ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைப் படித்ததும் குன்வோர் துணிக்கூடையைக் கீழே போட்டாள். மாடிக்கு ஓடிப் பார்த்தாள். அடுப்பு அணைக்காமல்தான் இருந்தது.

அதன் பிறகு மூன்று வாரத்தில் இன்னும் மூன்று சீட்டு. ஸ்வீடனின் யெவ்லே ஊரில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே திட்டுவதில்லை. சலவை அறைச் சுவரில் சீட்டு ஒட்டித்தான் திட்டுவார்கள். துணியில் பஞ்சு ஒட்டுகிறது, தரை ஈரமாக இருக்கிறது என்று அறுபத்தாறு வயதுக்குள் குன்வோர் எத்தனையோ சீட்டு பார்த்திருக்கிறாள். ஆனால் இவை வேறு மாதிரி இருந்தன.

"யாரோ என்னை வேவு பாக்கறாங்க, ஸ்டூரே," என்றாள், குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரிடம்.

"உன்னையா? செவ்வாய்க்கிழமைன்னா ரெண்டாம் நம்பர் மெஷின், வியாழக்கிழமைன்னா பட்டாணி சூப். இந்தக் கட்டடத்துக்கே மனப்பாடம். வேவு பாக்க என்ன இருக்கு?"

குன்வோர் சிரிக்கவில்லை. இரண்டாவது சீட்டை நீட்டினாள்.

"இங்கே உட்கார்ந்து அழுதது போதும்."

அவள் அழுதது உண்மை. யார் எப்போது துவைப்பது என்று குறிக்கும் பழைய மரப்பலகையைக் கழற்றிவிட்டு, சங்கம் முன்பதிவுக்கு ஒரு தொடுதிரையை மாட்டிய அன்று, கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் அழுதாள். ஒரு பலகைக்காக அழுததை எந்த முகத்தோடு யாரிடம் சொல்வது?

மூன்றாவது சீட்டுதான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது. "நாலு மணிக்கு மேல் உன்னை நம்ப முடியாது." அன்றிலிருந்து நாலு மணி ஆனால் கதவுக்கு இரட்டைத் தாழ்ப்பாள் போட்டாள்.

நான்காவது இன்று வந்தது. "மறுபடியும் மறந்துவிட்டாய். இதுதான் கடைசி முறை." போன முறைதான் அவள் ஈரத் துணியை மெஷினிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

கையெழுத்தும் இடித்தது. காலையில் வந்த முதல் சீட்டு முத்துக் கோத்த மாதிரி இருந்தது. சாயங்காலம் வந்த மற்றவை கோழி கிளறியது போல இருந்தன. ஆக, ஒருத்தர் இல்லை, இரண்டு பேர்.

அழ வைத்த அந்தத் திரையே ஆளையும் காட்டிக் கொடுத்தது. சீட்டு வந்த ஒவ்வொரு நாளும் அவளுக்கு முன்னால் அதே மெஷினை எடுத்திருந்தது மூன்றாம் மாடி தூவா. வந்து நாலு மாதம் ஆகிறது. காதில் பெரிய ஹெட்போன். வணக்கம் சொன்னால் சுவரைப் பார்ப்பாள்.

வெளிநாட்டில் இருப்பவரின் வீட்டில், சங்கத்தின் அனுமதியோடு, தூவா வாடகைக்கு இருந்தாள். அவளைத் தொடர்ந்து இருக்க விடுவதா என்று ஆறு மணிக்குக் கூட்டம். சங்கத் தலைவி குன்வோர்தான். புகாரை எழுதி எடுத்துக்கொண்டு, அடுப்பை அணைத்தோமா என்று இரண்டு முறை திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு, மூன்றாம் மாடி ஏறினாள்.

கதவைத் திறந்த தூவாவின் முகத்தெதிரே நாலு சீட்டையும் விரித்தாள். "இது யார் எழுத்து?"

"என்னோடது." தூவா சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"கூட்டாளி யாரு?"

"கூட்டாளியா? எல்லாமே நான்தான்."

"அப்போ சாமானைக் கட்டு. உன்னை இங்க வச்சுக்க முடியாதுன்னு எழுதிட்டேன்."

தூவா வெளிறிப்போனாள். "மூணு வருஷத்துல இது அஞ்சாவது வீடு. இதுவும் போனா எங்க போவேன்? சீட்டு ஒட்டறது அவ்ளோ பெரிய தப்பா?"

"மிரட்டறது தப்பில்லையா?"

"யாரை மிரட்டினேன்? எனக்கு நானே எழுதிக்கிட்டது அது. துவைக்கும்போது ஒட்டிட்டு, எடுக்க மறந்துடுவேன்."

குன்வோர் சீட்டுகளைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள்.

"எனக்கு ஆட்டிசமும் உண்டு, ஏ.டி.எச்.டி.ங்கற கவனக்குறைபாடும் உண்டு," என்றாள் தூவா. "மாத்திரை போட்டா கவனம் ஒரு இடத்துல நிக்குது, கையெழுத்துகூட நேராகுது. ஆனா கவனம் நின்னதும் சத்தமெல்லாம் பெருசாக் கேக்குது. ஒண்ணாம் நம்பர் மெஷின் பல்லுக்குள்ள கூசுது. டாக்டர் அளவைக் கூட்டினாங்க, கீழ சலவை அறையில உட்கார்ந்து அழுதேன். குறைச்சாங்க, நாலு மணிக்கெல்லாம் மருந்து இறங்கிடுது. அதுக்கு மேல அடுப்பு, சாவி, ஈரத்துணி எதையும் நம்பி என்கிட்ட விட முடியாது."

குன்வோரின் கையிலிருந்த புகார் மெல்ல இறங்கியது. ஒண்ணாம் நம்பர் மெஷினை, அதன் சத்தம் தாங்காமல், அவளும் முப்பது வருடமாகத் தொட்டதில்லை.

"எனக்குத்தான் எழுதறாங்கன்னு நெனச்சேன்," என்றாள்.

"ஏன் அப்படி நெனச்சீங்க?"

"எல்லாம் சரியா இருந்துச்சே. அடுப்பு, துணி, அந்த அழுகை... ஒண்ணுகூடத் தப்பில்ல."

தூவா ஹெட்போனைக் கழற்றினாள். முதல் முறையாக குன்வோரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"உங்களுக்கு இதெல்லாம் எப்போலேருந்து, குன்வோர்?"