கொசுறு

"மூணையும் நேத்து வாங்கிக் குடிச்சுப் பார்த்துட்டேன் கண்ணு. உள்ள என்ன சேர்த்திருக்குன்னு மட்டும் படிச்சுச் சொல்லு."

ஊத்துக்குளி ரோடு சூப்பர் மார்க்கெட்டில், சோயா பால் அலமாரி முன்னால் நின்றபடி கேட்டார் செங்கோட்டையன். விற்பனைப் பெண் ஜெயசுதா முதல் பாக்கெட்டைத் திருப்பினாள்.

"சோயா, தண்ணி, சர்க்கரை, வெனிலா. முப்பது ரூவாங்க."

"பாயசமாட்டம் இனிக்குது. பச்சை பாக்கெட்டு?"

"சோயாவும் தண்ணியும்தானுங்க. நாப்பது."

"ஒரே பயறு வாடை. இது?"

"சர்க்கரை கம்மிங்க. வாசனைக்கு எதுவும் சேர்க்கலை. ஆனா அம்பது ரூவா."

"இருக்கட்டும். இதுதான் பாலாட்டம் இருந்துச்சு. ஒண்ணு குடு."

"உங்களுக்கு சுகருங்களா?"

"நாலு வயசுப் பாப்பாவுக்கு. பசும்பால் குடிச்சா உடம்பெல்லாம் தடிச்சுப் போகுது. சோயா பால் தரலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"பேத்திங்களா?"

செங்கோட்டையன் வாசலில் நின்ற தன் வண்டியைப் பார்த்தார். இரண்டு பக்கமும் காலி பால் கேன்கள் தொங்கின.

"இல்ல கண்ணு. நான் பால் ஊத்தற ஊட்டுப் பாப்பா. அவங்கம்மாவுக்கு அளந்து ஊத்துனதும், கொசுறுக்குன்னு தன்னோட டம்ளரை நீட்டும். நாளைக்கும் நீட்டுமில்ல."