பாதிச் சிரிப்பு

"முழுச் சிரிப்பு ஒண்ணு, கடைசி விலை என்ன டீச்சரம்மா?"

பூட்டுக் கடைக்காரர் கதவைத் திறக்கும்போதே கேட்டார். கேட்ட தோரணையே, சொல்வதில் பாதிக்குக் கேட்பேன் என்றது.

"அது விலைக்கு வர்ற சரக்கு இல்லீங்க ஐயா" என்றாள் முகப் பயிற்சி தரும் பெண்.

நாற்காலியில் இருந்த அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, ஆஸ்பத்திரியிலயும் பேரமா? அந்தச் சாவிக் கொத்தை வேற கழட்டவே மாட்டீங்களா? மணி கட்டின மாடு மாதிரி மாடிப்படி பூராவும் சத்தம்."

அவளுக்குப் பக்கவாதம் வந்து நாற்பது நாள். கைக்கு அசைவு திரும்பிவிட்டது. வாய் பழையபடி பேசியது, கொஞ்சம் கூடுதலாகவே. சிரிக்கச் சொன்னால் மட்டும் வலது உதடு காதுவரை போகும். இடது உதடு ஷட்டர் இறக்கின கடை மாதிரி அசையாமல் கிடக்கும்.

அதற்கு அவரிடம் மருந்து இருந்தது. ஜோக். கல்யாணமான நாளிலிருந்து, வீட்டுக்குள் அவர் நுழையும் முன் ஜோக் நுழைந்துவிடும்.

"இதைக் கேளு முதலாளி" என்று மனைவியிடம் ஆரம்பித்தார். "இன்னைக்கு ஒருத்தர் வந்து, 'திருடனால திறக்கவே முடியாத பூட்டு இருக்கா'ன்னார். 'தாராளமா இருக்கு, உங்களாலயும் திறக்க முடியாது'ன்னேன்!"

"அந்த ஆள் போன வாரமும் வந்தாரே. இன்னுமா பூட்டு வாங்கல?" என்றவள், அவர் முகம் வாடுவதைப் பார்த்துச் சட்டென்று சிரித்தாள். வலது உதடு ஏறியது. இடது, ஷட்டர்.

வராந்தாவுக்கு வந்ததும் பயிற்சிப் பெண்ணை மடக்கினார். "உண்மையைச் சொல்லுங்க. அந்தப் பக்கம் வருமா, வராதா?"

"வரும், நாளாகும். சிரிக்கணும்னு நெனச்சுச் சிரிக்கிறோமே, அதுக்கு மூளையில ஒரு வழி. தன்னால வர்ற சிரிப்புக்கு வேற வழி. அம்மாவுக்கு அடைப்பு முதல் வழியிலதான். ரெண்டாவது நல்லாத்தான் இருக்கு."

கணக்கு அவருக்கு உடனே புரிந்துவிட்டது. வியாபாரி அல்லவா?

"அப்போ என் ஜோக்குக்கு வர்ற பாதிச் சிரிப்பு... எனக்காக வரவழைச்சதா?"

அவள் கையிலிருந்த துண்டை மடித்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள்.

"இந்த நாற்பது நாளா மட்டுமா? இல்ல, ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தானா?"

"அதை என்கிட்ட கேட்டா எப்படிங்க ஐயா?"

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "வர்றவன் மனசு நோகக் கூடாதுன்னு சிரிக்கிறது என் தொழில்மா. முப்பத்தோரு வருஷமா, என் வீட்டுலயே நான் ஒரு வாடிக்கைக்காரனா இருந்திருக்கேன்." சாவிக் கொத்தைச் சத்தம் வராமல் கையில் பொத்திக்கொண்டார். "நாளையிலேர்ந்து எனக்குப் பதிலா எங்க மகளை அனுப்பறேன். என்னைப் பார்த்தா அவ சிரிச்சாகணுமே. உடம்பு சரியில்லாதவளுக்கு அந்தச் சிரமம் எதுக்கு?"

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் வாங்க. சாவியைக் கீழேயே என்கிட்ட கொடுத்துடுங்க. செருப்பையும் கழட்டிட்டு, சத்தமில்லாம மேல வாங்க."

"எதுக்கு?"

"சொன்னா நம்ப மாட்டீங்க. சாமானைக் கண்ணால பார்த்துத்தானே வாங்குவீங்க?"

மறுநாள் நாலு மணி. வெறுங்காலுடன் பயிற்சி அறையின் கதவருகே நின்றார். கதவில் ஒரு கறுப்புக் கண்ணாடி. வெளியிலிருந்து உள்ளே தெரியும், உள்ளிருந்து வெளியே தெரியாது. மனைவி உம்மென்று துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

கீழே போயிருந்த பயிற்சிப் பெண், சாவிக் கொத்தைக் குலுக்கியபடி படி ஏறத் தொடங்கினாள்.

சிலுங்... சிலுங்...

உள்ளே துண்டு பாதியில் நின்றது. மனைவி நெற்றி முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். கதவைப் பார்த்தாள். வலது உதடு மேலே போனது. நாற்பது நாளாக யார் சொல்லியும் கேட்காத இடது உதடும், கூடவே போனது.

பெண் மேலே வந்து சாவியை அவர் கையில் வைத்தாள். "தினமும் நாலு மணிக்கு இதான் நடக்குது. நீங்க கதவைத் திறந்து ஜோக்கை ஆரம்பிச்சதும் பாதியாயிடுது."

அவர் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. வாய் மட்டும் ஏதோ முணுமுணுத்தது.

"முப்பத்தோரு வருஷம்... ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு வெச்சாலும் பதினோராயிரத்துச் சொச்சம். அத்தனையும் முழுச் சரக்கு, கதவு வரைக்கும் வந்திருக்கு. நான்தான் வாயைத் திறந்து திறந்து திருப்பி அனுப்பியிருக்கேன். பாக்கி என் பேர்ல எழுதிக்கோங்க டீச்சரம்மா."