பொட்டு வைக்காத பெட்டி

"பொட்டு வைக்காத மிஷின் எத்தன நாளைக்குய்யா ஓடும்?"

டீக்கடை அரியமுத்து யாரிடமோ சொன்னது மாடிப்படி வரை கேட்டது. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கீழே அவர் கடை, மேலே அறிவரசனின் நெட் சென்டர்.

ஆயுத பூசைக்கு ஊரில் சைக்கிள் பம்புக்குக்கூடச் சந்தனம் வைத்திருந்தார்கள். அறிவரசன் வைக்கவில்லை. "கரண்ட்ல ஓடுற சாமானுக்குக் குங்குமம் எதுக்கு?" என்பார். கேட்காதவர்களிடமும் சொல்வார். பூசையன்று வேலை செய்பவர்களுக்கு லீவு கொடுத்துவிட்டு, கொள்கைக்காகத் தான் மட்டும் கடையைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். ஒருத்தரும் வரவில்லை.

மறுநாள் காலையில், புதிய பஸ் ஸ்டாண்டில் இருக்கும் அவருடைய இன்னொரு கடைக்கு இன்டர்நெட் போகவில்லை.

மாடியில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு, அதையே இன்டர்நெட்டைப் பிரித்து அனுப்பும் ரூட்டராக வைத்திருந்தார். அதில் சொருகிய ஒயர்லெஸ் கார்டிலிருந்துதான், மொட்டைமாடி ஆண்டெனா வழியாக, அந்தக் கடைக்கு லைன். அதை அமைத்துக் கொடுத்த அன்பழகன் அரியலூரிலிருந்து வந்தான்.

"யாராச்சும் கை வச்சீங்களா சார்?"

"யாரு வைப்பா? பாப்பாத்திம்மா கூட்டுறதோட சரி. அதையும் பெட்டிகிட்ட போகக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்."

"நான் அந்தப் பக்கமே போறதில்லிங்க," என்றாள் கூட்டிக்கொண்டிருந்த பாப்பாத்தி.

பூசைக்கு முந்தின நாள், "ஒரே ஒரு பொட்டு மட்டும் வச்சிடறேன் சார்" என்று அவள் கேட்டதும், அவர் அவளை நிற்க வைத்துப் பகுத்தறிவு பேசியதும் கடையில் எல்லாருக்கும் தெரியும்.

அன்பழகன் கீபோர்டில் தட்டினான். திரையில் சில வரிகள் வந்தன.

"எந்தெந்தக் கார்டு சொருகியிருக்குன்னு கேட்டா லினக்ஸ் சொல்லிடும் சார். ஒயர்லெஸ் கார்டு மட்டும் காணோம். பஸ்ஸுலயே இல்ல."

டீ கொண்டுவந்த அரியமுத்து நின்றார். "எந்த பஸ்ஸு தம்பி? அரியலூர் பஸ்ஸா?"

"கார்டுங்க போய் வர்ற தடத்துக்குப் பேரு பஸ்ஸுண்ணே."

"அப்படிச் சொல்லு. நம்மூரு பஸ்ஸுக்கெல்லாம் நேத்து மாலை போட்டாங்க. இதுக்குப் போடல. அதான்."

"அண்ணே, டீய வச்சிட்டுக் கெளம்புங்க," என்றார் அறிவரசன்.

அரியமுத்து டீயை வைத்தார். கிளம்பவில்லை.

அன்பழகன் கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டான். கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினான். கார்டு வரவில்லை.

"கழட்டி வேற ஸ்லாட்ல போட்டுப் பாத்துடறேன் சார்."

"எதுக்குக் கழட்டிக்கிட்டு? புதுக் கார்டே வாங்கிடலாமே."

அறிவரசன் எதையாவது புதிதாக வாங்கலாம் என்று சொல்லி அன்பழகன் அதுவரை கேட்டதில்லை. அதற்குள் அவன் மூடியைத் திறந்து கார்டை உருவிவிட்டான்.

கார்டின் அடியில், ஸ்லாட்டுக்குள் போகிற தங்க நிறப் பற்களில், சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. நடுவில் குங்குமம்.

எல்லாரும் பாப்பாத்தியைப் பார்த்தார்கள்.

"சாமி சத்தியமா நான் இல்லிங்க. எனக்கு அந்தப் பெட்டியத் தொறக்கவே தெரியாது."

"தெரியாமத்தானே தப்பான எடத்துல வச்சிருக்க," என்றார் அரியமுத்து.

அறிவரசன் கழுத்தைச் சொறிந்தார். இப்போது எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"எத்தன தடவ சொல்றது? நாளையிலேருந்து நீ வர வேண்டாம்மா."

"சார், பொண்ணு நர்சிங் படிக்கிதுங்க. இந்த ஒரு வேலையத்தான் நம்பிக்கிட்டு இருக்கேன்."

"கொள்கைன்னு ஒண்ணு இருக்கும்மா."

பாப்பாத்தி சோற்றுத் தூக்கை எடுக்கப் பின்னறைக்குப் போனாள்.

அன்பழகன் பென்சில் அழிக்கிற ரப்பரால் அந்தப் பற்களைத் தேய்த்தான். ஊதினான். மறுபடி தேய்த்தான். கார்டைச் சொருகிக் கம்ப்யூட்டரைப் போட்டதும், லினக்ஸ் ஒன்றுமே நடக்காதது போல ஒயர்லெஸ் கார்டின் பெயரைச் சொன்னது. கொஞ்ச நேரத்தில் புதிய பஸ் ஸ்டாண்டு கடையிலிருந்து போன் வந்தது. "சார், லைன் வந்துருச்சு."

"வாங்கண்ணே, கீழ போயி சூடா ஒரு வடை திம்போம்," என்றான் அன்பழகன். "மூடிய வந்து மாட்டிடறேன் சார்."

"நீ போ. மூடிதானே, நான் மாட்டிக்கறேன்."

இருவரும் இறங்கிப் போனார்கள்.

அறிவரசன் மூடியை வைத்து ஸ்க்ரூவை முடுக்கினார். படியை எட்டிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றார். பிறகு பெட்டியின் பக்கவாட்டு மூடியில் குங்குமத்தை வைத்தார். இந்தத் தடவை உள்ளே வைக்கவில்லை.

திரும்பினால், பின்னறை வாசலில் தூக்கோடு பாப்பாத்தி.

அவர் விரல் சிவப்பாக இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"அது வந்து... பாப்பாத்திம்மா..."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. "சார், பர்ஸ அங்கயே வச்சிட்டேன்!" என்றபடி அன்பழகன் ஏறி வந்துகொண்டிருந்தான். பின்னாலேயே அரியமுத்துவின் குரலும்.

பாப்பாத்தி தூக்கைக் கீழே வைத்தாள். வயர் இழுபடாமல் பெட்டியை மெல்லத் திருப்பி, பொட்டு இருந்த பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கூட்ட ஆரம்பித்தாள்.