கரண்டு பத்தாத குரல்

பேகம்பூரில் சாயங்காலமானால் வோல்டேஜ் இறங்கிவிடும். குவைத்திலிருந்து அத்தா பேசி அனுப்பிய கேசட், டேப்ரிக்கார்டரில் இழுத்து இழுத்துப் பேசியது.

"எங்க அத்தா குரல் எம்புட்டு கனம், கேட்டீங்களா?" என்றாள் ஐந்து வயது ஃபாயிஸா.

ஸ்டெபிலைசர் மாட்டிக்கொண்டிருந்தவர் மெல்லிய குரலில், "கரண்டு பத்தலம்மா. செத்த பொறு," என்றார்.

சுவிட்சைப் போட்டார். ஊசி நடுங்கி ஏறி, இருநூற்று முப்பதில் நின்றது.

"ஃபாயிஸாக் கண்ணு, நோன்புப் பெருநாளைக்கு அத்தா வாரேன்." கேசட்டில் குரல் மெலிந்து, துள்ளி வந்தது.

ஃபாயிஸா டேப்ரிக்கார்டரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து தகப்பனை, சாயங்காலம் போடும் கேசட்டில் குரலாக மட்டுமே அறிந்தவள். காலையில் பெட்டியோடு வந்து இறங்கியவரிடம், "நீங்க எங்க அத்தா இல்ல" என்று ஒதுங்கியே நின்றவள், இப்போது கிட்டே வந்து அவர் தொண்டையில் விரல் வைத்தாள்.

"இன்னொரு தடவ பேசுங்க, அத்தா."